மருதுக்கு முதுகு காட்டாதவர்

எங்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன நோய் என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வீடு முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டி. யார் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார்கள், யார் இருமலைத் துண்டால் பொத்திக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் அடுப்படியில் நின்றாலே காதில் விழும். அந்தப் பெருமையெல்லாம் மரத்துக்கு ஊசி போட்ட வருஷத்தோடு போயிற்று.

மரம் என்றால் மருத மரம். பாளையங்கோட்டையில் வாய்க்கால் கரையை ஒட்டிக் குடியிருப்பு கட்டியபோது, சுற்றுச்சுவரே அதற்கு வழிவிட்டுக் கொஞ்சம் வளைந்துதான் போனது. அடிமரம் திருநீறு பூசிய யானைக்கால் போல இருக்கும். கோடை வந்தால் பழைய பட்டையைத் தகடு தகடாக உரித்துப் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோலோடு நிற்கும். வருஷத்துக்கு ஒரு முறை முகம் கழுவிக்கொள்ளும் மரம் என்று நான் சொல்வேன். அதன் பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடித்தால் நெஞ்சுக்குப் பலம். கஷாயமாக வைத்துக் கொப்பளித்தால் வாய்ப்புண் ஆறும். இலைச் சாற்றைக் காது வலிக்கு விடுவார்கள். இந்தக் காது வலி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊசி போட்டவர் டாக்டர் ஹெப்சிபா. மனித இதயத்தையும் மரத்தையும் சேர்த்துப் படித்தவர். அப்படி ஒரு படிப்பு உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். வாகனம் நிறுத்தும் கொட்டகையில் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார்.

"மருதம்பட்டை நெஞ்சுக்கு நல்லதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒருத்தருக்குக் கேக்குது, இன்னொருத்தருக்குக் கேக்கல. ஏன்னா ஒவ்வொரு நெஞ்சுக்கும் ஒவ்வொரு குறை. நான் இந்த மரத்துக்குள்ள ஒரு சின்ன மாற்றம் செஞ்சிருக்கேன். யாரு இதுல சாய்ஞ்சு உக்காருறாங்களோ, அவங்க நெஞ்சுத் துடிப்பை இது கேட்கும். அந்த நெஞ்சுக்கு என்ன வேணுமோ அதைப் பட்டையில சேர்த்து வைக்கும். கோடையில பட்டை உரியும்போது நாம எடுத்துக்கலாம்."

"மரம் கேட்கும் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று எழுந்தார் எங்கள் சங்கச் செயலாளர் இளஞ்சேரல். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டை தவிர வேறு நிறம் அவர் கொடியில் காய்ந்து நான் பார்த்ததில்லை. இளஞ்சேரல் என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் சுடலைமாடன் என்றிருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

டாக்டர் திரையில் வரைபடங்களைக் காட்டினார். செயலாளர் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். கடைசியில், "அறிவியல் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று உட்கார்ந்தார். மரம் பிழைத்தது.

"ஒரு மரத்துக்கு ஒரு நெஞ்சுதான். யாரு அதிகமா சாயுறாங்களோ அவங்கள எடுத்துக்கும், மத்தவங்கள விட்டுடும்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு நெஞ்சு யாருடையது என்பதில் போட்டியே இல்லை. கீழ்த்தளத்து ஆறுமுகநயினார் அண்ணாச்சி. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருந்தவர், நெஞ்சுத் தசை தளர்ந்து போய்க் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். மாத்திரை ஒன்றும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கத்தி வைக்க எந்த ஆஸ்பத்திரியும் துணியவில்லை. அவர் மனைவி உலகம்மை டாக்டரிடம் நேராகவே கேட்டாள்.

"அடுத்த கோடைக்கு மருந்து வரலைன்னா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கடுத்த கோடையில ஒரு வாய்ப்பு இருக்கலாம்மா. அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அண்ணாச்சி தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

இனிமேல்தான் நாங்கள் வருகிறோம். ஒரு மனிதரின் உயிர் ஒரு மரத்தின் கையில் இருக்கிறது என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? முதல் செவ்வாய்க்கிழமை அடிமரத்தில் குங்குமம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த வாரம் எலுமிச்சம்பழம், ஒரு சின்ன மணி. மஞ்சள் துணி மட்டும் என்னுடையது, நல்ல பருத்தி. மாதம் முடிவதற்குள் மரத்துக்கு மருதம்மை என்று பெயரும் வந்துவிட்டது.

செயலாளருக்குக் கொதித்துப் போயிற்று. "ஆராய்ச்சி மரத்துக்கு அபிஷேகமா? அடுத்து உண்டியல் வைப்பீர்கள்" என்று சத்தம் போட்டார். அதைத் தடுக்க அவர் கண்டுபிடித்த வழி, காலையில் நடைப்பயிற்சி முடிந்ததும் செய்தித்தாளோடு வந்து சுவர்ப் பக்கமாக மரத்தில் முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டு காவல் இருப்பது. சாய்ந்த முதுகுக்குப் பின்னால் எங்கள் குங்குமம் அழிந்துபோகும். நாங்கள் போனதும் மறுபடி வைப்போம். சாயங்காலம் அண்ணாச்சி வந்து தன் மணி நேரத்தை உட்கார்ந்துவிட்டுப் போவார். காலைச் சாய்வு கொஞ்ச நேரம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம்.

கோடை வந்தது. பட்டை உரிந்தது. டாக்டர் தகடுகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு எடுத்துப் போனார். உலகம்மை உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பி வந்த டாக்டரின் முகம் சரியில்லை.

"மருந்து இருக்கு. நான் எதிர்பார்த்ததை விட நல்லாவே செஞ்சிருக்கு" என்றார். "ஆனா அண்ணாச்சிக்கு இல்ல. அவரோட துடிப்பு இந்தப் பட்டையில ஒரு துளி கூட இல்ல. நீங்க உக்காரவே இல்லையா?"

"ஒரு நா தப்பலம்மா" என்றாள் உலகம்மை. "மழையில குடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாவ."

"அப்ப இது யாரு? துடிப்பு இடையில இடையில நின்னு வருது. ஆபத்தான நெஞ்சு. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

நான் மனதுக்குள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். அப்படி ஒரு நெஞ்சு என் கணக்கில் இல்லை. இத்தனை வருஷம் படிக்கட்டில் காது வைத்திருந்து என்ன புண்ணியம்? டாக்டர் கையடக்கமான ஒரு கருவியை வரிசையாக எல்லோர் மணிக்கட்டிலும் வைத்துப் பார்த்தார். செயலாளர் கையில் வைத்ததும் அது கீச்சென்று கத்தியது.

செயலாளர் கையை இழுத்துக்கொண்டார். "கருவியில் கோளாறு இருக்கலாம்."

"கருவியில இல்ல சார்."

பிறகு டாக்டர் அண்ணாச்சியைப் பார்த்து, "நீங்க வழக்கமா எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க" என்றார்.

அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மரத்தைக் கும்பிட்டார். திரும்பி, அடிமரத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு, பக்கவாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாயுங்க."

"எப்படிம்மா?" என்றார் அவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "அம்மைக்கு முதுகக் காட்டவா? கோயில்லயே நான் சாமி கும்பிட்டுப் பின்னாலயே நடந்து வாற ஆளு. முதல்ல ரெண்டு நா சாய்ஞ்சேன். பொறவு துணி கட்டிட்டாவ, குங்குமம் வச்சிட்டாவ. அதுல போயி வேர்த்த முதுகச் சாய்க்க மனசு வரல. பக்கத்துல இருந்தாலே அம்மைக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

பெண்கள் எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்தோம். நான் மஞ்சள் துணியைப் பார்த்தேன். பருத்தி நல்ல பருத்திதான்.

மரியாதை காட்டிய நெஞ்சை மரம் கேட்கவே இல்லை. அதைத் திட்டிக்கொண்டே சாய்ந்திருந்த நெஞ்சை வரி வரியாகக் கேட்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து அதற்கு மருந்து செய்திருக்கிறது. யார் கும்பிட்டார்கள், யார் திட்டினார்கள் என்று அது பார்க்கவில்லை. தொட்டது யார் என்று மட்டும்தான் பார்த்தது. அன்றைக்கு அதன் மேல் எனக்கு வந்த மரியாதை, குங்குமம் வைத்த காலத்தில் வந்ததில்லை.

செயலாளர் மருந்தைத் தொடமாட்டேன் என்றார். பட்டைப் பொட்டலத்தை உலகம்மை வீட்டு வாசலில் வைத்துவிட்டு மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் உலகம்மை கையில் சொம்போடு படியேறினாள். நான் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பெருக்கிய படிக்கட்டுதான்.

"இது உங்கள் வீட்டுக்காரருக்கு வர வேண்டியது" என்றது செயலாளர் குரல். "அவருடைய உயிரை நான் சாய்ந்து சாய்ந்து தேய்த்துவிட்டேன்."

"அவுகளுக்கு வந்துச்சா?"

"வரவில்லை. அதற்காக—"

"நீங்க குடிக்காம போட்டா அவுகளுக்கு ஆயிருமா? டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இன்னொருத்தர் குடிச்சா வெறுங் கஷாயமாம். ஒரு வருசமா ஒரலக் கழுவி வச்சிட்டு இருந்தேன் அண்ணாச்சி. இன்னைக்கு இடிச்சிட்டேன். கொண்டு போயிச் சாக்கடையில ஊத்தவா?"

அவள் வளையல் சத்தம் கேட்டது; சொம்பை நீட்டியிருப்பாள்.

"ஒங்க வீட்டுல ஒரு சாவு விழுந்தா என் வீட்டுல ஒண்ணு கொறையும்னு கணக்கு இருந்தா சொல்லுங்க, நான் எடுத்துட்டுப் போறேன். இல்லன்னா குடிங்க. ஆறிப் போவுது."

சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது. காலிச் சொம்பின் சத்தம்.

இறங்கும்போது என்னைத் தாண்டி வந்த உலகம்மை, "இந்தப் படி நல்லா தேஞ்சிருச்சு மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே அவள் மரத்துத் துணியை அவிழ்த்து, குங்குமத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். "சாமி பொறவு இருந்துக்கிடட்டும், இப்ப மரமா இருக்கட்டும்" என்றாள். துணியை மடித்து என்னிடமே கொடுத்தாள். ஒருத்தியும் தடுக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி அசையவில்லை.

"துணிய எடுத்துட்டா அம்மை எந்திரிச்சுப் போயிருவாளாக்கும்?"

செயலாளர் கீழே இறங்கி வந்து மரம் என்றால் என்ன, செல் என்றால் என்ன, கடவுள் என்ற கருத்து மனிதனுக்கு எப்படி வந்தது என்று ஆதியில் இருந்து எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி கை கட்டி மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "நல்லாச் சொன்னீய அண்ணாச்சி" என்று பாராட்டிவிட்டு, அதே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

உலகம்மை இடுப்பில் கை வைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதுகக் காட்டாண்டாம். எந்திரிங்க. நெஞ்சக் காட்டுங்க."

"ஏளா, என்ன சொல்லுத?"

"சாமியத் தழுவக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா? கட்டிப் புடிங்க."

அண்ணாச்சி யோசித்தார். அவர் அறிந்த விதிகளில் இதற்குத் தடை ஒன்றும் கிடைக்கவில்லை போலும். மெல்ல எழுந்து, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மரத்தை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டார். கை பாதி தூரம்தான் போயிற்று. கன்னம் பட்டையில் பதிந்திருந்தது.

"கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல என்னைய ஒரு நா இப்படிப் புடிச்சது கெடையாது, கேட்டியளா மதினி" என்றாள் உலகம்மை என்னிடம். குரல் மட்டும் கேலியாக இருந்தது. கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னோம். "முன்பக்கமா? நெஞ்சு இன்னும் கிட்டத்தானே இருக்கும். எனக்கு ஏன் இது தோணல?" என்றார். பிறகு தொலைபேசியைச் செயலாளரிடம் கொடுக்கச் சொல்லிப் பேசினார். செயலாளருடைய நெஞ்சுக்கும் வருஷா வருஷம் பட்டை வேண்டும். மரம் ஒருவரைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் தொட்டால் இந்த முறையும் அண்ணாச்சிக்குக் கிடைக்காமல் போகலாம்.

"போன வருஷம் என் முறை. இந்த வருஷம் அவர் முறை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார் செயலாளர். மேடையில் முழங்கும் மனிதர் டாக்டரிடம் பேசியது அவ்வளவுதான். அவரைப் பற்றி நான் அதுவரை பரப்பிய பேச்சில் பாதியைத் திரும்பப் பொறுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணாச்சியால் வெகு நேரம் நிற்க முடியாது. ஒரு குட்டை முக்காலி செய்து கொடுத்தோம். அதில் மரத்தைப் பார்த்து, குதிரை மேல் உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்து அணைத்துக்கொள்வார். செயலாளர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கை எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டு செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ராசிபலனை மட்டும் தாண்டிவிடுவார்.

"அதையும் வாசிங்க அண்ணாச்சி" என்றார் முக்காலியில் இருந்தவர்.

"அது மூடநம்பிக்கை."

"எனக்கு எந்த நம்பிக்கை கெடச்சாலும் தேவலை. வாசிங்க."

வாசித்தார். அந்தக் கறுப்புச் சட்டை 'சிம்ம ராசி நேயர்களே' என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்றால், சுவர்ப் பக்கத்தில் நின்று. மரத்தின் மறுபுறம் காதை வைத்தால், இந்தப் பக்கம் முணுமுணுத்தால்கூட உள்ளே வழியாகத் தெளிவாக வந்து சேரும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்திருந்தேன். ஒரு முறை செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"காது வலி. எல பறிக்க வந்தேன்."

வருஷம் முழுக்க எனக்குக் காது வலி இருந்தது.

ஒரு நாள் பத்திரிகை வாசிப்பு முடிந்த பிறகு, அண்ணாச்சி மரத்தை அணைத்தபடியே உலகம்மையைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். செயலாளரிடம் சொன்னாரா, மரத்திடம் சொன்னாரா தெரியாது. தாழ்ந்த குரல். கேட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

கோடை நெருங்க நெருங்க எனக்குப் படிக்கட்டுதான் பயம் காட்டியது. செயலாளர் முதலில் ஒரே மூச்சில் ஏறுவார். பிறகு என் வாசலில் நின்றார். பிறகு அதற்குக் கீழேயே நின்றார். பட்டைப் பொடி தீர்ந்துகொண்டு வருகிறது என்பது எனக்குக் காதிலேயே தெரிந்தது. அண்ணாச்சியோ வீட்டு வாசலுக்கும் முக்காலிக்கும் நடுவிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார். இரண்டு பேரில் யாரை முதலில் இழப்போம் என்று எல்லோரும் நினைத்தோம், யாரும் பேசவில்லை. நான் கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரம் அவசரப்படவில்லை. தன் நேரம் வந்ததும் தகடு தகடாக உதிர்த்தது.

டாக்டர் இந்த முறை ஓடி வந்தார். கையில் கண்ணாடிப் புட்டியில் இடித்த பட்டை.

"அண்ணாச்சி, உங்க மருந்து. முழுசா இருக்கு. உங்க நெஞ்சத் தவிர வேற யாருக்கும் பிரயோசனப்படாத அளவுக்கு உங்களுக்குன்னே செஞ்சிருக்கு."

உலகம்மை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி மரத்தைக் கும்பிட்டார். செயலாளர் நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார், வேகமாக இல்லை, மூச்சு விட்டு விட்டு.

"இன்னொன்னும் இருக்கு" என்றார் டாக்டர். சுவர்ப் பக்கம் போய் அடிமரத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த உயரத்துல, உள்ளங்கை அகலத்துக்கு, உரிஞ்ச பட்டை வேற மாதிரி. இதுலயும் மருந்து. ஆனா நெஞ்சுக்கு இல்ல, ரத்தக் கொதிப்புக்கு. துடிப்பு கழுத்து நரம்புல இருந்து வந்திருக்கு. யாரோ தினமும் இங்க காதை வச்சிருக்காங்க."

எல்லோரும் மரத்தைப் பார்ப்பதை விட்டார்கள்.

"மதினிக்கு ஒரு வருசமா காது வலில்லா" என்றாள் உலகம்மை, மண்ணில் உட்கார்ந்தபடியே. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த உள்ளங்கை அகலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மரத்துக்கு ஒரு நெஞ்சுன்னு நான்தானே சொன்னேன்" என்றார் மெதுவாக. "ஆராய்ச்சிக்கூடத்து மரம் எல்லாம் கை பருமன். அதுல ஒருத்தருக்குத்தான் இடம் இருந்துச்சு. இது எவ்வளவு பெரிசு. இடத்துக்கு ஒருத்தரா கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அண்ணாச்சி சாய்ஞ்சிருந்தா முதல் வருஷமே ரெண்டு பேருக்கும் கெடச்சிருக்கும்."

செயலாளர் நாற்காலியில் இருந்து எழுந்தார். மரத்தைச் சுற்றி ஒவ்வொரு அடியாக நடந்து வந்து, சுவர்ப் பக்கத்தில் தன் பழைய இடத்தில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மீதிப் பொடியோடு உரலில் ஒட்டிய பழைய தூளையும் சுரண்டிச் சேர்த்து, அளவைக் குறைத்துக் கொடுத்தால் மழைக்காலம் வரை ஓட்டிவிடலாம் என்று உலகம்மை கணக்குச் சொன்னாள். அதற்குள் புதுப் பட்டையில் சுரண்டி எடுத்துப் பார்க்கிறேன் என்றார் டாக்டர்.

இப்போது மரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். செயலாளர் அதற்குப் பிறகு இரண்டு கோடையைப் பார்த்துவிட்டார். அண்ணாச்சி முக்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு நின்றபடி அணைக்கிறார். என் இடத்தில் டாக்டர் ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் அங்கே நான் காது வைத்தாக வேண்டும், டாக்டர் உத்தரவு. ஆராய்ச்சிக் காகிதம் ஒன்றில் என் பெயர் முதன்முதலாக வந்தது அதற்குத்தான்.

ஒரே ஒரு நஷ்டம். மரத்தடியில் இப்போது யாரும் ரகசியம் பேசுவதில்லை. நான் காதை வைத்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பட்டை குளிர்ச்சியாக இருக்கும். வாய்க்கால் தண்ணீரா, வேரா, எதுவோ அடியில் நகரும். அதற்கு மேலே, மரத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து, நயினார் அண்ணாச்சியின் நெஞ்சு கேட்கும். அவசரமில்லாமல், ஒன்று விட்டு ஒன்று என்று தடுமாறாமல்.

அதைத்தான் இப்போது நான் ஒட்டுக்கேட்கிறேன்.